மாமா விட்டுப் படித்த பக்கம்

சில மாதங்களுக்கு முன் கண்டியில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போனேன். நல்ல நாவலுக்கு ஒரே பொருள்தான் உண்டு, அதை எழுதியவன் உள்ளே வைத்திருக்கிறான், கவனமாக வாசிக்கிறவனுக்கு அது கிடைத்துவிடும் என்றார் பேச வந்தவர். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. நடுவிலேயே எழுந்துவிட்டேன். கிழவிக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வழிவிட்டார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரே நாவல் எங்கள் வீட்டில் ஒரு கதையாகவும் பக்கத்து வீட்டில் வேறு கதையாகவும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் மாட்டிக்கொண்டது என் கல்யாணம்.

அப்பா கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்கு நாலு வயதாக இருந்தபோது, அம்மாவின் தம்பி இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்தார். மாமாவுக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். அளந்து கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. தோட்டங்களில் சம்பளம் போடும் ஞாயிறுகளில் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹந்தானை மலையில் தோட்டக் கூலிகள் குடியிருந்த லயங்களுக்கு ஏறுவார். சில சமயம் தெல்தோட்டை வரைக்கும் போவார். இதற்கெல்லாம் அவருக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு, தீபாவளிக்கு ஒரு வேட்டி, அப்புறம் நான். அதுதான் பேச்சு.

எங்கள் ஆட்களிடம் அக்கா மகள்மேல் முதல் உரிமை தாய்மாமனுக்குத்தான். அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வெளியே மாப்பிள்ளை பார்ப்பார்கள். நான் பிறந்தபோதே அம்மா அதை முடிவு செய்துவிட்டாள். சின்ன வயதில் எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பெரஹரா ஊர்வலத்துக்கு என்னைத் தோளில் தூக்கி வைத்து யானை காட்டியது மாமாதான். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். நான் வயசுக்கு வந்ததும் பின்முற்றத்தில் பச்சை ஓலைக் குடிசை கட்டிச் சீர் கொண்டுவந்து வைத்ததும் அவரே. அன்றோடு பள்ளிக்கூடமும் நின்றது, அவரோடு பேச்சும் நின்றது. கட்டிக்கொள்ளப் போகிறவன் முன்னால் வரக்கூடாதாம். கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவேன். அவர் கை வந்து வாங்கும். ஒரே வீட்டில் வருஷக்கணக்காக அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். துணி வாங்க ஆளில்லை. அதனால் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் எனக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. வருகிற தையில் எப்படியும் முடித்துவிடுவது என்று அம்மா சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பாடு குறைந்தது, முகம் மாறியது. அம்மா பார்த்துவிட்டாள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதைமேல் பெரிய நம்பிக்கை. கோயில் திருவிழாவில் பஞ்சாங்கமும் கதைப் புத்தகமும் விற்றவனிடம் போய், மாமனைக் கட்ட மாட்டேன் என்று சொன்ன பெண் படாத பாடு படுகிற கதை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவன் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். முன்னட்டை கிழிந்து போயிருந்தது. எழுதியவர் பெயரும் இல்லை, புத்தகத்தின் பெயரும் இல்லை. இருமலுக்கு மருந்து வாங்குகிற மாதிரி அம்மா எனக்கு அதை வாங்கி வந்தாள்.

வாசிக்க வேண்டியவர் மாமா. வீட்டில் திக்காமல் வாசிக்கத் தெரிந்த ஆண் அவர்தான். மழை பிடித்த பிற்பகல்களில் கடைக்கு ஒருவரும் வருவதில்லை. மாமா மர வாங்கில் உட்கார்ந்து வாசிப்பார். அப்பா மேசையில் தலை சாய்த்துக் கேட்பார். அம்மா கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த வாசற்படியில் இருப்பாள். நான் அவளுக்குப் பின்னால் கதவு மறைவில் நிற்பேன். கட்டிக்கொள்ளப் போகிறவன், மாமனை மறுத்த பெண்ணின் கதையை எனக்குக் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டை அம்மாவைத் தவிர வேறு யாரும் யோசித்திருக்க முடியாது.

கதை சிக்கலானது இல்லை. ஒரு கிராமம். புருஷன் செத்த அக்காவின் வயலை அவள் தம்பி உழுகிறான். கூலி இல்லை. அக்கா மகள் அவனுக்குத்தான் என்பது சொல்லாமலே விளங்கும். அவளுக்காக நகை செய்கிறான், வீட்டுக்கு ஓடு போடுகிறான். கடைசியில் அவள் முடியாது என்கிறாள். அவன் ஒரு சொல் பேசாமல் அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கிறான். கல்யாணத்தன்று தாய்மாமன் சீரைத் தலையில் சுமந்து வந்து பந்தலில் இறக்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல் ஊரை விட்டுப் போகிறான்.

எங்கள் வீட்டில் இது மாமன் கதை. அவன் நகைக்குக் கொடுத்த அத்தியாயத்திலேயே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் மறுத்த இடத்தில், “திமிரு புடிச்ச கழுத. ஒரு காரணமாவது சொல்றாளா பாரு” என்றாள். உண்மைதான். நாங்கள் கேட்ட கதையில் அவள் காரணமே சொல்லவில்லை. அப்பாவின் கவலை வேறு. அவன் போய்விட்டால் அந்த வயலை யார் உழுவார்கள் என்று அத்தியாயத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். எழுதியவன் அதைப் பற்றி எழுதவில்லை என்று அவருக்கு மனத்தாங்கல்.

ஒரு நாள் என் பழைய ஆசிரியை சீலை எடுக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. வாங்கில் கிடந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஓம், இதை நான் வாசிச்சிட்டன். முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பெட்டையைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போட்டினம். கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சமையல்” என்றார். முதல் அத்தியாயத்தில் அப்படி ஒரு வரி இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அது ஒரு சம்பவமாகவே எங்களுக்குப் படவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னை நிறுத்தியபோது, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க இந்த அம்மாள் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புத்தகத்துப் பெண்ணுக்குத்தான் மனம் இளகியது. சீலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீடு. அவர் மனைவியை ராத்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். தமிழ்க் கதையை அரபு எழுத்தில் எழுதிக் கொடுத்தால் மடமடவென்று வாசிப்பாள். தமிழ் எழுத்து தெரியாது. மாமா ஓர் அத்தியாயம் வாசித்தால் மறுநாள் காலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் குசினிக்குப் போய் அதையே நான் வாசித்துக் காட்டுவேன். அம்மா தடுக்கவில்லை. மருந்தை இரண்டு வேளை குடித்தால் நல்லது என்று நினைத்திருப்பாள்.

ராத்தா நன்றாகக் கேட்பாள். மாமன் நகைக்குக் கொடுத்தபோது நல்ல மனுஷன் என்றாள். வீட்டுக்கு ஓடு போட்டபோது, தகப்பனில்லாத பிள்ளைக்கு இப்படி ஒருவர் வேண்டும் என்று கை ஏந்தித் துஆ கேட்டாள். ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் பட்டுச்சேலை எடுத்து வந்தான். ராத்தா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

“எல்லாம் சரி புள்ள. நகை செஞ்சாச்சு, சீலை எடுத்தாச்சு. மாப்புள எப்ப வார?”

எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளைதான் முதல் அத்தியாயத்திலிருந்து இருக்கிறானே என்றேன்.

“யாரு?”

“மாமன்தான்.”

ராத்தா தேங்காய் துருவுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் வேறொரு கதை கேட்டிருக்கிறாள். அவள் கதையில் ஒரு நல்ல மனிதன் தன் அக்கா மகளைக் கரைசேர்க்கப் பாடுபடுகிறான். மாப்பிள்ளை இனிமேல்தான் வர வேண்டும்.

“உம்மாட தம்பி வாப்பாட எடத்துல ஈக்கிற மனுஷன். அவருக்கா? அது ஹராம் புள்ள” என்றாள். பிறகு மெதுவாக, “ஒங்கட மாமாவும் அப்படியா?” என்று கேட்டாள். தையில் கல்யாணம் என்று அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை இந்தியாவிலிருந்து வருகிறான் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அதை யாரும் அவளுக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டிய விஷயம் என்றே நினைக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டை வேறொருத்தி அருவருப்பாகப் பார்த்தால் விட முடியுமா? ராத்தா கட்டியிருந்தது அவள் வாப்பாவின் தம்பி மகனை. சொத்து வெளியே போகக்கூடாது என்று செய்த கல்யாணம். “நீங்க சித்தப்பா மகனைக் கட்டியிருக்கீங்க. எங்களுக்கு அவர் அண்ணன். கூடப் பொறந்தவர் மாதிரி. அது மட்டும் நல்லாயிருக்கா?” என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரை ஒருவர் ஏதோ பூச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தவள் அவள்தான். “எங்கட மனுஷன்ட போய், நீங்க ராத்தாக்கு அண்ணன்டு சொல்லிப் போடாத. ஏற்கெனவே அவர் என்ட சொல்லுக் கேக்கிறல்ல” என்றாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பியபோது சிரிப்பு இல்லை. நான் சண்டை போட்டது எங்கள் முறைக்காகத்தான். எனக்காக இல்லை. எனக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு நான் அப்போதும் பதில் சொல்லியிருக்கவில்லை.

பதில் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தது. அந்தப் பெண் மறுக்கிற அத்தியாயம். மாமா வாசித்தது காதில் இருந்ததால் ராத்தாவின் குசினியில் வேகமாகப் படித்துக்கொண்டு போனேன். ஒரு பக்கம் திருப்பியதும் நான் கேட்டிராத வரிகள் வந்தன. ஆற்றில் துணி துவைக்கும்போது அந்தப் பெண் தோழியிடம் சொல்கிறாள். குளிப்பாட்டித் தலை துவட்டியவர், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர், அப்பா என்று நினைத்தால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது என்கிறாள். அவர்மேல் வெறுப்பு இருந்தால்கூடக் கட்டிக்கொண்டு காலம் தள்ளிவிடுவேன், எனக்கு வெறுப்பு இல்லையே என்கிறாள்.

ஒரு முழுப் பக்கம். எங்கள் வீட்டில் அது வாசிக்கப்படவே இல்லை.

ராத்தா கிட்ட வந்து உட்கார்ந்தாள். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன்.

அன்று பிற்பகல் கோப்பையை நீட்டியபோது நான் அதை விடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டேன்: “ஏழாம் அத்தியாயத்துல ஒரு பக்கத்தை ஏன் விட்டீங்க?”

“அக்கா சொன்னிச்சு” என்றார்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எங்களுக்கு முன்னால் வாசிப்பதற்கு முன்பே அம்மா அவரிடம் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எதை வாசிப்பது, எதை விடுவது என்று அவள்தான் தீர்மானித்திருக்கிறாள். எழுத்து தெரியாதவள் ஒரு நாவலைத் திருத்தி வெளியிட்டிருக்கிறாள். விடச் சொன்ன பக்கம் மறுநாள் புத்தகத்தோடு என் கைக்கு வரும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. எழுதியவன் உள்ளே வைத்த பொருளை நான் கேட்பதற்கு முன்பே அவள் எடுத்து ஒளித்துவிட்டாள். பிறகு, அந்தப் பெண் காரணம் சொல்லவில்லை என்று அவளே திட்டினாள்.

உங்களுக்குப் புத்தகத்து மாமனைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று மாமாவிடம் கேட்டேன்.

“அந்தப் பயலுக்கு அக்காகிட்ட வாயில்ல. பத்து வருஷமா அவ சோத்தைத் தின்னுட்டான். அவன்கிட்டயும் ஒருத்தரும் கேக்கல. நீ படிச்சுப் பாரு, அவன் அவளைக் கட்டணும்னு எந்த எடத்துலயும் சொல்லவே இல்ல.”

நான் பிறகு தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எந்த இடத்திலும் சொல்லவில்லை. அம்மா அவனுக்காக அழுது தீர்த்த அந்தக் காதல் புத்தகத்தில் இல்லவே இல்லை.

அப்படியானால் நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். “அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது? நீ சொல்லு. நீ பொம்பளப் புள்ள, ரெண்டு அடி அடிச்சுட்டு விட்டுரும்” என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிகிறது. முப்பது வயது ஆண்பிள்ளை. மூட்டையோடு மலை ஏறுகிறவர். அடியை எனக்கு விட்டுக் கொடுத்தார்.

கடைசி அத்தியாயம் வாசிக்கிற நாளும் மழை. மாமா புத்தகத்தைத் திறந்தார். நான் கதவு மறைவிலிருந்து வெளியே வந்து, அம்மாவைத் தாண்டிக் கடைக்குள் போய், அவர் கையிலிருந்து அதை வாங்கினேன். அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். ஏழாம் அத்தியாயத்தைத் திருப்பி அந்தப் பக்கத்தை வாசித்தேன். அம்மா பாதியில் எழுந்துவிட்டாள். ஆனால் தடுக்கவில்லை. முடிந்ததும் என்னிடம் கேட்கவில்லை, தம்பியிடம் கேட்டாள்.

“இது புத்தகத்துல இருக்கா, இல்ல இவளாச் சொல்றாளா?”

“இருக்கு அக்கா.”

“நீ சொன்னப்ப இவ்வளவு இல்லையே. அவ முடியாதுன்னு பொலம்புறான்னுதானே சொன்ன?”

மாமாவும் அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஒனக்கும் இதேதானா?”

“ஆமா” என்றேன்.

அடிப்பாள் என்று நின்றேன். அவள் தம்பியைப் பார்த்தாள். “ஒனக்கு?”

“எனக்கும் அப்படித்தான்க்கா” என்றார் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

யாரும் அழவில்லை. அப்பாதான் பேசினார். “அப்ப ஹந்தானைக்கு யாரு மூட்டை தூக்குவா?”

அம்மாவின் பயமும் அதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமா வெளியில் பெண் எடுத்தால் அந்தப் பெண்ணின் அண்ணன் தம்பிகளோடு போய்விடுவார். இந்த மலை நாட்டில் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். அவரை நிறுத்தி வைக்க அவளிடம் இருந்த கயிறு நான். இது தெரிந்ததால் என் கோபம் தணிந்துவிடவில்லை. கயிற்றிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை.

கடைசி அத்தியாயத்தை அன்று வாசிக்கவில்லை. மறுநாள் அம்மாவே மாமாவிடம் புத்தகத்தைக் கொடுத்து, ஒன்றும் விடாமல் படி என்றாள். மாமன் சீரை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போகிற இடம் வந்தபோது உரக்க அழுதாள். அத்தனைக்கும் பிறகும் அவளுக்கு அது மாமன் கதைதான். முழுவதும் கேட்டால் பொருள் மாறிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். மாறவில்லை.

தை பிறப்பதற்குள் மாமா கம்பளையில் ஒரு பெரிய புடவைக்கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். புறப்பட்ட அன்று அம்மா பரிமாறினாள். அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அதில் கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரி எனக்குப் பட்டது.

இரண்டு வருஷம் கழித்து நகரசபையில் கிளாக்கராக இருந்த ஒருவருக்கு என்னைக் கொடுத்தார்கள். முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. மாமா வரவில்லை. சீர்த்தட்டை ஓர் ஆளிடம் ரயிலில் அனுப்பியிருந்தார். அம்மா அவருக்கு ஓர் இலை போட்டுப் பரிமாறி, பந்தி முடிகிற வரை யாரையும் அதில் உட்கார விடவில்லை. “புத்தகத்து மாமன் வந்து சாப்பிடாமப் போனான். எந் தம்பி மனசு தாங்காம வரவே இல்ல” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். சனம் உச்சுக் கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அடுத்த வாரம் மாமா வந்தார். ஏன் வரவில்லை என்று நேராகவே கேட்டேன். இப்போது கதவு தேவையில்லை.

“சம்பள ஞாயிறு. மொதலாளி விடல. நீங்கல்லாம் அந்த நாளைப் பார்த்தா முகூர்த்தம் வைப்பீங்க?” என்றார். அவருக்கு உண்மையிலேயே கோபம்.

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். முழுவதும் கேட்டாள். அவர் கம்பளை ரயிலுக்குப் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “பாத்தியா, எப்படி மறைக்கிறான்.”

சாகிற வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.